முதல் கட்டுரையை எங்கே எழுதுவது? விக்கிப்பீடியா, கோரா, பிரதிலிபி, சொந்த வலைப்பூ

இணையத்தில் கட்டுரை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, எங்கே எழுதினால் நிறையப் பேர் படிப்பார்கள் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் புதிதாக எழுத வருபவருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: நான் எழுதியதில் எது பிழை, எதற்கு ஆதாரம் இல்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறாரா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்த இடங்களை நான் எடைபோடுகிறேன். அப்படிப் பார்த்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் தொடங்குவதே நல்லது என்பது என் முடிவு.

ஓர் எடுத்துக்காட்டோடு பேசலாம். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் தம் ஊரின் வீராணம் ஏரியைப் பற்றி எழுத நினைக்கிறார்.

விக்கிப்பீடியாவுக்குப் போனால் அந்த ஏரிக்கு ஏற்கெனவே கட்டுரை இருக்கிறது. புதியவர்கள் பலர் இதைக் கண்டு சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் இது நல்வாய்ப்பு. புதுக் கட்டுரையைத் தொடங்குவதைவிட, இருப்பதில் ஒரு பத்தியைத் திருத்துவது எளிது; கற்றுக்கொள்ள அதுவே போதும். கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு நீர் வருகிறது என்று எழுதினால், அதற்கு ஒரு மேற்கோள் வேண்டும். முழு நீர்மட்டம் 47.5 அடி என்றால், எந்த நூலில், எந்தச் செய்தியில் அப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். ‘தமிழகத்தின் மிக அழகான ஏரி’ என்று எழுதினால் யாராவது வந்து நீக்கிவிடுவார்கள். முதல் முறை நீக்கப்படும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது வரிவரியாக அங்கே இருக்கும். பிறர் எழுத்தை ஒருவர் எப்படிச் செப்பனிடுகிறார் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் தமிழில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

தொடங்குவதும் கடினமில்லை. கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். சொந்தப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை. உங்களுக்கென்று ஒரு மணல்தொட்டி கிடைக்கும். அங்கே எதை எழுதி அழித்தாலும் எந்தக் கட்டுரைக்கும் சேதமில்லை. திருத்தம் நீக்கப்பட்டால் அதை மீண்டும் மீண்டும் திணிக்காமல், கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள். பொதுவான ஐயங்களுக்கு ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. சமூகத்தினர் கூடிப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களைப் பற்றியோ உங்கள் நிறுவனத்தைப் பற்றியோ எழுத வேண்டாம். நாளிதழ்ச் செய்தியை அப்படியே ஒட்டுவது பதிப்புரிமை மீறல். எந்திர மொழிபெயர்ப்பைச் சரிபார்க்காமல் பதிவேற்றுவதும் வேண்டாம். 2009, 2010 வாக்கில் கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டம் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் நிறையக் கட்டுரைகள் சேர்ந்தன. அவற்றின் நடையும் தரமும் அங்கு உழைத்தவர்களைப் பெரிதும் கவலைப்பட வைத்தன. அந்தப் பட்டறிவு இன்னும் மறக்கப்படவில்லை.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்று பலர் தயங்குகிறார்கள். இலங்கை சார்ந்த பொருள் என்றால், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் எண்ணிம நூலகம் பெரும் புதையல். தமிழ்நாட்டுப் பொருள்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் கைகொடுக்கும். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் இணையத்திலேயே படிக்கலாம்.

இந்த இடத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. விக்கிப்பீடியாவில் கட்டுரையின் தலையில் உங்கள் பெயர் வராது. எழுதியதை யாரும் மாற்றலாம். பெயர் சுட்டி, விக்கிப்பீடியாவின் அதே திறந்த உரிமத்தின்கீழ் யாரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. இதை ஏற்க முடியாதவர்கள் அங்கே போகாமலிருப்பதே இரு தரப்புக்கும் நல்லது. எனினும் பெயரில்லா உழைப்பு எப்போதும் கவனிக்கப்படாமல் போவதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கக் காலத்தில் தம் கட்டுரைகளால் வளர்த்தெடுத்த இலங்கையரான இ. மயூரநாதனுக்கு, கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதைக் கட்டியெழுப்பியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எனக்கு இது பெருமிதம் தரும் செய்தி.

2022இல் தொடங்கிய தமிழ் விக்கி என்ற இணையக் கலைக்களஞ்சியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். எழுத்தாளர் ஜெயமோகன் முன்னின்று தொடங்கிய இதில் ஆசிரியர் குழு பார்த்து ஏற்ற பின்பே பதிவு இறுதியாகிறது. இலக்கியம், பண்பாடு, வரலாறு ஆகியவற்றில் ஆழ்ந்த ஆர்வம் உள்ளவருக்கு இது ஏற்றது. ஆனால் வந்த அன்றே தாமாகப் பக்கத்தைத் திறந்து எழுதிப் பழக நினைப்பவருக்கு அல்ல.

கேள்வி-பதில் தளமான கோராவின் பலம், அங்கே வாசகரின் கேள்வி முன்பே தயாராக இருப்பது. ‘வீராணம் நீர் சென்னைக்கு எப்படிப் போகிறது?’ என்று ஒருவர் கேட்டால், கட்டுரையின் எல்லை தானாக வரையறுக்கப்பட்டுவிடும். புதிய வீராணம் திட்டத்தில் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய்வழியாக நீர் செல்வதைச் சுருக்கமாக விளக்கினால் போதும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பவருக்கு இது நல்ல பயிற்சி. சிக்கல் என்னவென்றால், அங்கே ஆதரவு வாக்கு கிடைப்பது சரியான பதிலுக்கா, சுவையான பதிலுக்கா என்று எழுதுபவருக்குத் தெரியாது. பிழையோடு எழுதிப் பாராட்டும் பெற்றுவிட்டால் அந்தப் பிழை கையோடு ஒட்டிக்கொள்ளும்.

கதைகளை எழுதவும் படிக்கவும் உதவும் தளமான பிரதிலிபியைக் கட்டுரையாளருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 2014இல் பெங்களூரில் தொடங்கிய இந்நிறுவனம் இந்திய மொழிகளில் ஏராளமானோரை எழுத வைத்திருக்கிறது. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. வாசகர்கள் வழியாக வருமானத்துக்கும் வழி உண்டு. ஆனால் அங்கு வருபவர்கள் தேடுவது தொடர்கதையை. வீராணம் ஏரிக்கரையில் நடக்கும் காதல் கதைக்கு அங்கே வாசகர் கூடுவார்கள். மதகுகளைப் பற்றிய கட்டுரைக்குக் கூடமாட்டார்கள்.

சொந்த வலைப்பூ முழு விடுதலை தரும். ஏரிக்கரையில் பாட்டியோடு நடந்த நினைவை எழுதலாம். தூர் வாராத கோபத்தைக் கொட்டலாம். விக்கிப்பீடியாவில் இரண்டுக்கும் இடமில்லை. ஆனால் புதியவரின் வலைப்பூவுக்கு யார் வருவார்கள்? 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற, பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டிகள் வாசகரைக் கொண்டுவந்து சேர்த்த காலம் ஒன்று இருந்தது. இன்று இணைப்பை நீங்களே சமூக வலைத்தளங்களில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அங்கிருந்து வருபவர் நண்பர். நண்பர் பிழை சொல்லத் தயங்குவார்.

ஆகவே ஆதாரத்தோடு எழுதும் பழக்கம் கைவரும்வரை விக்கிப்பீடியாவில் திருத்துங்கள், பிறகு வலைப்பூவைத் திறந்துகொள்ளுங்கள் என்பேன். புனைவோ தன்வரலாறோ எழுத வந்தவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர் நேரே பிரதிலிபிக்கோ வலைப்பூவுக்கோ போகலாம். வலைப்பூவில் எழுதுபவர் பதிவுகளின் நகலை அவ்வப்போது தம் கணினியில் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். பிளாக்கரில் அமைப்புகளுக்குள்ளும், வேர்ட்பிரஸில் கருவிகள் பகுதியிலும் அதற்கான வசதி இருக்கிறது.