விரத மாதத்தில் புறா விருந்து: மெல்பர்ன் வல்லூறு நேரலை

மெல்பர்ன் நகரில் காலின்ஸ் தெரு 367ஆம் எண் கட்டடத்தின் உயரத்தில் பொரி வல்லூறுகள் குஞ்சு வளர்ப்பதை யூடியூபில் நேரலையாகக் காட்டுகிறார்கள். காசு கிடையாது. அங்கே குடியேறிவிட்ட அக்காதான் லிங்க் அனுப்பினாள், மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு டிவியில் ஒரு சீசன் முழுக்க இதுதான் ஓடியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவையாச்சே, அதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். பாய்ச்சலெல்லாம் வானத்தில், கேமரா இருப்பதோ கூட்டில். அந்தக் கூடும் பெரிதாக ஒன்றுமில்லை, வல்லூறு குச்சி அடுக்காது, சரளைக்கல்லில் நெஞ்சால் தேய்த்து ஒரு குழி, அவ்வளவுதான். அதில் ஏறக்குறைய 33 நாள் அடைகாக்கும். ஆணும் மாற்றுக்கு வரும், ஆனால் அது பெண்ணைவிட நன்றாகவே சிறியது, முட்டைகளை மூடுவதற்குள் படும் பாடு இருக்கிறதே, ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே எட்டிப் பார்க்கும்.

சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். டிடிடி என்ற பூச்சிமருந்து வல்லூறுகளின் உடம்பில் சேர்ந்து முட்டை ஓடு மெலிந்துபோய், அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே முட்டைகள் நொறுங்கிய காலம் ஒன்று உண்டு, அமெரிக்கா அதை 1972இல் தடை செய்தது. நம் தீவிலும் மலேரியாக் கொசுவுக்காக அதே மருந்தை அடித்தார்கள். ‘மாஞ்சேர் தெ பூல்’, கோழி தின்னி என்று வசைபாடினோமே, பெரும்பாலும் பல்லி தின்று வாழும் நம் மொரீஷியஸ் வல்லூறு, 1974இல் காட்டில் நாலே நாலுதான் மிச்சம். அது தெரிந்த பிறகு, தாய் எழுந்து திரும்பி உட்காரும்போதெல்லாம் முட்டையைத்தான் பார்ப்பேன்.

குஞ்சு வந்தது சரியாகப் புரட்டாசி மாதக் கோவிந்தன் விரதத்தில். வீட்டில் முட்டைகூடக் கிடையாது, டிவியில் புறா! தாய் அதைக் காலால் அழுத்திப் பிடித்து, இறகைப் பிய்த்து எறிந்து, நகத்தளவு துண்டாகக் கிள்ளி, தலையைச் சாய்த்து ஒவ்வொரு வாயாக வைக்கும். முதல் நாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள், “ஓரத்துல இருக்குற குட்டிக்கு இன்னும் ஒரு வாய்கூட வரலடா, பாரு” என்று அடுப்படியிலிருந்து வந்து நின்றார். தின்று முடித்ததும் குஞ்சுக்குக் கழுத்துக்குக் கீழே தீனிப்பை எலுமிச்சம்பழம் மாதிரிப் புடைத்துக்கொள்ள, தின்ற இடத்திலேயே குப்புறச் சாய்ந்துவிடும். ஏழு கறி விருந்து முடிந்த மாமாக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வெயில் ஏறினால் தாய் சிறகை விரித்து நிழல் பிடிக்கும், இதெல்லாம் வர்ணனையும் பின்னணி இசையும் இல்லாமல் நடப்பதால்தான் எனக்குப் பிடித்தது.

குறை? குஞ்சுகளுக்குக் கால் வந்துவிட்டால் விளிம்போரமாக ஓடிப்போய்ப் படத்தைவிட்டே மறைந்துவிடும், வெறும் கல்லையும் எச்சத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். படம் உறைந்து வட்டம் சுற்றியது எங்கள் வீட்டு இணைப்பின் புண்ணியம், அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்துக்கு நாலரை தருகிறேன்.

அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து மெல்பர்ன் நேரம் நம்மைவிட 7 மணி முன்னால். இரவு 11 மணிக்குத் திறந்தால் அங்கே காலை 6, முதல் சாப்பாடு வரும் நேரம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம். நவம்பரில் எல்லாம் பறந்துபோனதும் நான் டிவியை மாற்றிவிட்டேன், அம்மா மட்டும் அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்: “அந்தத் தெருப் பக்கம் போனா கொஞ்சம் அண்ணாந்து பாருடி, மூணும் இருக்கான்னு.”