சித்தியின் போனில் எதை வைப்பது: செயலியா, 14416-ஆ, வாட்ஸ்அப் குழுவா?

முக்கூடல் சித்திக்கு சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மற்ற நாட்களில் மடியில் பீடித்தட்டு இருக்கும், கையில் கத்தரி இருக்கும், இலை மட்டும் வெட்டுப்படாது. கேட்டால், "தூக்கம் வரலப்பா" என்பாள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வர மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு வாய்ப்பு அதிகம். மனசு விட்டுப்போனால் மாத்திரையும் பத்தியமும் தவறும், நோய் ஏறும். அதனால்தான் போனில் என்ன உதவி கிடைக்கும் என்று தேடினேன்.

முதலில் மனநலச் செயலி. மூச்சுப் பயிற்சி, மனநிலைக் குறிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் நான் இறக்கியது ஆங்கிலத்தில் பேசியது. பல செயலிகள் மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளைக் கேட்டு, 27-க்கு மதிப்பெண் போடும். களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளும் அதில் உண்டு. சிறுநீரகம் கெட்டவருக்கு இந்த மூன்றும் நோயாலேயே கெட்டிருக்கும். எது உடம்பு, எது மனசு என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். படித்த, போன் பழகிய சின்ன வயசுக்காரர்களுக்கு செயலி சரி. சித்திக்கு ஆகாது.

டயாலிசிஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்ற அளவுத் தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து வைக்கும் வழியை அங்கே ஒரு அக்கா குரல்பதிவில் சொன்னதைக் கேட்டுத்தான் சித்தி பழகினாள். ஆனால் அதே குழுவில், இளநீர் குடித்தால் கிட்னி சுத்தமாகும் என்றும் வந்தது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ்காரருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடலாம். அப்புறம், டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் அஞ்சலிப் படம் ஒரு நாள் குழுவில் வந்தது. அன்று சித்தி சாப்பிடவே இல்லை.

14416, அதாவது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநலத் தொலைபேசி சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், பட்டன் போனே போதும். நான்தான் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். "பிள்ளைகளுக்குப் பாரமா ஆயிட்டேன்" என்று எங்களிடம் சொல்லாததை முகம் தெரியாதவரிடம் சொன்னாள். மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு குறை: முதல் அழைப்பு நம் பக்கமிருந்து போக வேண்டும். மனசு சோர்ந்தவருக்கு அந்த ஐந்து எண்ணை அழுத்துவதே மலை.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. விசாரிப்பும் அதேபோல் தேடி வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை டயாலிசிஸ் இல்லாத நாளில், சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அழைக்கிறேன். நாளைக்கு ஒரு சின்ன வேலை என்ன செய்வாய் என்று கேட்பேன். அடுத்த முறை அதையே விசாரிப்பேன். போன திங்கள் நான் கேட்கும் முன்பே, "ரெண்டு கட்டு பீடி சுத்திட்டேன்ப்பா" என்றாள்.