கேலரியை மூடுவதா, ஆளைப் பிடிப்பதா?

2023 மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா கால்பந்து கிளப்பின் மெஸ்தாயா மைதானத்தில், ரியல் மாட்ரிட்டின் கறுப்பின வீரர் வினிசியஸ் ஜூனியரைக் குரங்கு என்று பார்வையாளர்கள் சிலர் ஏசினார்கள். அதற்கு இரண்டு வகைத் தண்டனை கிடைத்தது. முதலில் தெற்கு கேலரியை ஐந்து ஆட்டங்களுக்கு மூடச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அது மூன்றானது. சட்டென்று நடக்கும், கிளப்புக்கும் வலிக்கும். ஆனால் வாயே திறக்காதவரும் வெளியே நிற்க வேண்டும். அப்புறம், மூடிய அரங்கு அமைதியாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை: 2022-இல் புடாபெஸ்டில் நடந்த, பார்வையாளர் தடை இருந்த ஹங்கேரி–இங்கிலாந்து ஆட்டத்துக்கு விதிப்படி சிறுவர்களை அனுமதித்தார்கள். இங்கிலாந்து வீரர்கள் இனவெறியை எதிர்த்து மண்டியிட்டபோது அங்கிருந்தும் கூச்சல்தான்!

இன்னொரு வழி, ஏசியவரையே பிடிப்பது. மெஸ்தாயா வழக்கில் மூவருக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனையும் இரண்டு ஆண்டு மைதானத் தடையும் விதிக்க 2024 ஜூன் ஆகிவிட்டது. மெதுவான வழிதான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. ஆளை அடையாளம் காட்டக் கிளப் மறுத்தால் மட்டும் கேலரியைப் பூட்டலாம்.