கிராம்ப்ஸில் ஆறு வருடங்கள்: குடும்ப வரலாறு தேட ஆரம்பித்த அனுபவம்

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில், குடும்ப மரத்தைப் பதிந்து வைக்கும் கிராம்ப்ஸ் மென்பொருளை நிறுவி, அன்று இரவுக்குள் 47 பேரைப் பதிந்துவிட்டேன். பெரிய சாதனை செய்த மாதிரி அதை உறவினர்களுக்கெல்லாம் படம் பிடித்து அனுப்பினேன். யார் சொன்னது, எந்தத் தாளில் பார்த்தது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்த 47 பேரைச் சரிபார்க்க அடுத்து எட்டு மாதம் ஆனது.

கிராம்ப்ஸ் 2001-இல் தொடங்கப்பட்ட திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: தகவல் எல்லாம் என் கணினியிலேயே இருக்கும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வேறு யாருக்காவது கோப்பு அனுப்பும்போது, உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மறைத்து ஏற்றுமதி செய்யவும் வழி இருக்கிறது.

முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆள் தனி, குடும்பம் தனி, நிகழ்வு தனி, இடம் தனி, ஆதாரம் தனி, அந்த ஆதாரத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்ற மேற்கோள் தனி. ஒருவர் பிறந்த தேதியைப் போட இத்தனை பெட்டிகளா என்று நினைத்தேன். பாட்டியின் பிறந்த வருடத்தில் மாட்டிக்கொண்ட பிறகுதான் அதன் அருமை புரிந்தது. பள்ளிச் சான்றிதழில் 1936, ஓய்வூதியத் தாளில் 1934, அத்தையைக் கேட்டால் "அவங்க பெரியண்ணன் பிறந்து மூணு வருஷம் கழிச்சு" என்கிறார். முன்பாக இருந்தால் எது சரி என்று நானே முடிவு செய்து மற்ற இரண்டையும் தூக்கிப் போட்டிருப்பேன். இங்கே மூன்றையும் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆதாரத்தோடு. தேதியைக்கூட "1935 வாக்கில்", "1940-க்கு முன்", "1934-க்கும் 1936-க்கும் இடையில்" என்றெல்லாம் பதியலாம். தெரியாததைத் தெரியாத அளவிலேயே எழுதி வைக்க முடிவதுதான் எனக்குப் பிடித்த அம்சம்.

இனி நான் செய்த பெரிய தப்பு. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள், பிறந்த வருடமும் கிட்டத்தட்ட ஒன்று. இரட்டைப் பதிவு என்று நினைத்து ஒன்றாக இணைத்துவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்துத்தான் அவர்கள் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று தெரிந்தது. நிரலை மூடிவிட்டால் 'முந்தைய நிலை' பொத்தான் எல்லாம் உதவாது, பழைய காப்புப் பிரதியைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அன்றிலிருந்து எதையும் இணைப்பதற்கு முன் ஒரு பிரதி, புதிய பதிப்புக்கு மாறும் முன் ஒரு பிரதி. சாதாரண காப்புக் கோப்பில் படங்கள் வராது, படங்களோடு சேர்த்துக் கட்டும் தொகுப்பு வடிவம் தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.

வேறு மென்பொருளுக்கு மாற நினைப்பவர்களுக்கு ஜெட்காம் என்ற பொதுக் கோப்பு வடிவம் உண்டு. 1984-இல் வந்தது, 7.0 பதிப்பு 2021-இல் வெளியானது, ஆனாலும் நிறைய இடங்களில் பழைய 5.5.1 தான் இன்னும் ஓடுகிறது. பெயரும் தேதியும் உறவும் ஒழுங்காகப் போய்ச் சேரும். குறிப்புகளும் படங்களும் போய்ச் சேர்ந்தனவா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் பழைய பதிவுகளைத் தேடுவதற்கு ஃபேமிலிசர்ச் என்ற தளம். கணக்கு தொடங்கினால் போதும், இலவசம். 1894-இல் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் தொடர்ச்சி அது. 1938 முதல் நுண்படச் சுருளில் (ஆவணங்களை மிகச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிம்) எடுத்துச் சேர்த்த பதிவுகளை, ஏறக்குறைய 24 லட்சம் சுருள்கள், 2021-இல் முழுக்க எண்ம வடிவத்துக்கு மாற்றி முடித்தார்கள். உங்கள் முன்னோர் வாழ்ந்த பகுதிக்கு என்ன இருக்கிறது என்பது வேறு கதை, இடத்துக்கு இடம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். தேடலில் வருவது அட்டவணைதான், யாரோ ஒருவரோ கணினியோ பழைய கையெழுத்தைப் படித்து எழுதியது. அசல் படத்தைத் திறந்து உங்கள் கண்ணால் படிக்காமல் எதையும் ஏற்க வேண்டாம்.

இப்படிச் சொல்கிற நானே வேறொரு தளத்தில் யாரோ போட்டிருந்த குடும்ப மரத்திலிருந்து மூன்று தலைமுறையை ஒரே சொடுக்கில் எடுத்துக்கொண்டேன். அதில் ஒருவர் தன் ஆறாவது வயதில் தந்தையாகியிருந்தார். மூன்று தலைமுறையையும் அழித்தேன்.

மரபணுப் பரிசோதனை நான் செய்துகொள்ளவில்லை. நான் எச்சிலைக் கொடுத்தால் என் சகோதரர்களின் விவரத்திலும் பாதியைச் சேர்த்துக் கொடுத்த மாதிரி, அவர்களைக் கேட்காமல் செய்ய விருப்பமில்லை.

முன்னோர்களுக்கு எண் கொடுக்கும் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும், 1590-இல் ஐட்சிங்கர் என்பவர் அச்சிட்ட நூலிலேயே இருக்கிறது. நீங்கள் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பா 2, அம்மா 3, அம்மாவின் அப்பா 6, அவருடைய அம்மா 13. புகைப்படக் கோப்புகளுக்கு இந்த எண்ணை முன்னால் வைத்துப் பெயரிடுகிறேன், வரிசை தானாக அமைந்துவிடுகிறது.

என்னுடைய 13 ஐந்து வருடமாகக் காலி. தாத்தாவின் அம்மா பெயர் அம்மாவுக்கும் தெரியாது, அம்மா பிறப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். தெரிந்திருக்க வேண்டியவர் தாத்தாவின் தங்கை. முதல் வருடத்தில் அவரிடம் 40 நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவு செய்திருந்தேன். நான் கேட்ட கேள்விகள் எல்லாம் "எந்த வருஷம்?", "எந்தத் தேதி?" என்றே இருந்தன, அவரும் பாவம் "ஞாபகம் இல்லப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து "இதில் யார் யார் இருக்காங்க?" என்று கேட்டிருந்தால் போதும், அவரே நிறுத்தாமல் பேசியிருப்பார். இதை நான் கற்றுக்கொள்வதற்குள் அவர் இல்லை. மூன்றாம் வருடம், நான் மர வரைபடத்துக்கு எழுத்துருவும் நிறமும் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்.

போன மாதம் அந்தப் பதிவை மறுபடி முழுக்கக் கேட்டேன். 31-ஆவது நிமிடத்தில், நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அவர் பாட்டுக்குச் சொல்கிறார்: "அப்பா வாசல்ல நின்னு கூப்பிடுவாரு, அம்மா காதுல விழாத மாதிரியே இருப்பாங்க." எப்படிக் கூப்பிடுவார் என்று சொல்லியும் காட்டுகிறார். செல்லப் பெயராகத்தான் இருக்க வேண்டும், மின்விசிறிச் சத்தத்தில் கடைசி எழுத்து சரியாகக் கேட்கவில்லை. 13-இல் அதைப் பதிந்து, மேற்கோளில் நிமிடக் கணக்கைப் போட்டு, நம்பகத்தன்மை 'மிகக் குறைவு' என்று வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பெரிய மாமாவைப் பார்க்கப் போகிறேன், ஒலிப்பதிவையும் இரண்டு பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு.