டிரெய்லர் இழுக்குற பிக்கப்புக்கு 4எல்60-இ ரீபில்ட், கூடவே கொஞ்சம் அப்கிரேட்: எது வொர்த், எது வேஸ்ட்

4எல்60-இங்குறது ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டில வர்ற 4 கியர் ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன். தீர்ப்பை முதல்லயே சொல்லிடுறேன், நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். ரீபில்ட் பண்ண கடைக்கு 5க்கு 4. பெரிய கூலரும் டெம்பரேச்சர் கேஜும் கண்ணை மூடிட்டு போடுங்க, சன் ஷெல்லும் (டிரம்மையும் சன் கியரையும் இணைக்குற கிண்ணம் மாதிரி பாகம்) வால்வ் பாடி (ஆயில் பிரஷர எந்த கிளட்ச்சுக்கு அனுப்பணும்னு பிரிச்சு விடுற பகுதி) வேலையும் விடவே கூடாது, ஷிஃப்ட் கிட் நல்லதுதான் ஆனா எல்லாருக்கும் பிடிக்காது, ஹை ஸ்டால் கன்வர்ட்டர் (டார்க் கன்வர்ட்டர், அதாவது இஞ்சினையும் ட்ரான்ஸ்மிஷனையும் ஆயில் வழியா இணைக்குறது) போடலாம்னு யாராச்சும் ஆசை காட்டினா அந்தப் பக்கமே போகாதீங்க.

வண்டி செகண்ட் ஹேண்ட்ல எடுத்த ஃபுல் சைஸ் பிக்கப், 5.3 லிட்டர் வி8. பாக்கும்போதே தெரிஞ்சுது 2லேர்ந்து 3க்கு மாறும்போது ரெவ் மட்டும் துள்ளுது வண்டி போக மாட்டேங்குதுன்னு, டிப்ஸ்டிக்க எடுத்து மோந்தா கருகின வாடை, பழைய ஓனரும் மறைக்கல, ரொம்ப நாளா கனமான டிரெய்லர் இழுத்த வண்டின்னு சொல்லிட்டாரு, அதனால ட்ரான்ஸ்மிஷன் வேலை இருக்குன்னு கணக்கு போட்டுத்தான் விலை பேசினேன். எனக்கும் இது டிரெய்லர் இழுக்கத்தான் வேணும், அதனால வெறுமனே ரிப்பேர் பண்ணி விடாம இழுக்குற வேலைக்கு தாங்குற மாதிரி பண்ணணும்னு முடிவு.

இந்த ட்ரான்ஸ்மிஷனோட பூர்வீகம் கொஞ்சம் தெரிஞ்சா எதை ஏன் மாத்துறாங்கன்னு புரியும். 1982ல வந்த 700ஆர்4தான் இதுக்கு அப்பன், 1990ல அதுக்கு 4எல்60னு பேர் மாறுச்சு, 1993லேர்ந்து கம்ப்யூட்டர் கன்ட்ரோல் வந்து கடைசில இ சேந்துச்சு. கியர் ரேஷியோ 3.06, 1.63, 1.00, 0.70. முதல் கியர் நல்லா கீழ இருக்குறதால லோடோட கிளம்ப சுகமா இருக்கும், ஆனா 1க்கும் 2க்கும் நடுவுல இருக்குற பள்ளத்த பாருங்க, ரெவ் கிட்டத்தட்ட பாதியா விழும், ஏத்தத்துல டிரெய்லரோட போகும்போது 2ல போட்டா இஞ்சின் திணறும் 1ல போட்டா கத்தும். இத எந்த ரீபில்டும் சரி பண்ணாது, அந்த கியர் செட்டோட குணமே அதான்.

சரி கடைக்கு வருவோம். பேர் போடல, என்ன பண்ணாங்கன்னு மட்டும் சொல்றேன். எனக்கு இவங்க மேல நம்பிக்கை வந்த இடம், வண்டிய கொண்டுபோன உடனே "இறக்கிடலாம் சார்"னு சொல்லல. ஸ்கேனர் போட்டு கோட் பாத்தாங்க, பி1870 இருந்துச்சு, அதாவது உள்ள எங்கயோ ஸ்லிப் ஆகுதுன்னு அர்த்தம். அப்புறம் லைன் பிரஷர் (கிளட்ச்ச பிடிக்க வைக்குற ஆயில் பிரஷர்) கேஜ் மாட்டி ஐடில்லயும் லோட்லயும் பிரஷர் எவ்வளவு வருதுன்னு எழுதி வச்சாங்க, ஓட்டிப் பாத்தாங்க, அதுக்கப்புறம்தான் இறக்குற பேச்சு. பிரஷர் பாக்காம இறக்கினா என்ன ஆகும்னா, கருகின கிளட்ச்ச மட்டும் மாத்திட்டு அது ஏன் கருகுச்சுங்குறத அப்படியே உள்ள வச்சு மூடிடுவாங்க, புது கிளட்ச்சும் அதே வழில போகும். இந்த ஒரு கேள்விய எந்த கடைக்கு போனாலும் கேளுங்க: இறக்குறதுக்கு முன்னாடி பிரஷர் பாப்பீங்களா?

பிரிச்சதும் கூப்பிட்டு காட்டினாங்க. எதிர்பார்த்த மாதிரியே 3-4 கிளட்ச் பேக் முடிஞ்சிருந்துச்சு, ஃப்ரிக்‌ஷன் எல்லாம் உதிர்ந்து ஸ்டீல் பிளேட் நீலம் பாஞ்சு கிடந்துச்சு. இந்த மாடல்ல ஊரறிஞ்ச பலவீனம் இது. 3வது கியருக்கும் 4வது கியருக்கும் அதே ஒரு கிளட்ச்தான் பிடிக்கணும், ஹைவேல போற நேரம் பூரா லோடு அதுமேலதான், அதுக்கு வர்ற ஆயில் பிரஷர் வழில எந்த சீல்ல கசிஞ்சாலும் முதல்ல அடி வாங்குறதும் அதுதான். சன் ஷெல் இன்னும் உடையல, ஆனா ஸ்ப்ளைன் பக்கம் தேய்மானம் நல்லாவே தெரிஞ்சுது. அது உடைஞ்சா 2, 4, ரிவர்ஸ் மூணும் ஒரே நேரத்துல போயிடும், 1ம் 3ம் மட்டும் மிச்சம் இருக்கும், டிரெய்லரோட எங்கயாச்சும் ரிவர்ஸ் இல்லாம நிக்குறத நினைச்சுப் பாருங்க. அதுக்கு பதிலா கெட்டிப்படுத்தின ஷெல் போட்டாங்க, மார்க்கெட்ல தி பீஸ்ட்னு விக்குற டைப். மொத்த பில்லுல இது சின்ன ஐட்டம், இத வேண்டாம்னு சொல்றவங்கள எனக்கு புரியவே இல்ல.

பி1870க்கு காரணம் வால்வ் பாடில இருந்துச்சு. கன்வர்ட்டர் லாக்கப்ப (ஆயில்ல வழுக்காம இஞ்சினோட நேரடியா பூட்டிக்குறது) கன்ட்ரோல் பண்ற வால்வ் ஓயாம ஆடிட்டே இருக்கும், அது உக்காந்திருக்குற துளை அலுமினியம், நாளாவட்டத்துல அது தேஞ்சு ஆயில் கசிய ஆரம்பிச்சுடும். லாக்கப் முழுசா பிடிக்காம வழுக்கும், வழுக்கினா சூடு, சூடு ஏறினா ஆயில் போச்சு, ஆயில் போனா கிளட்ச் போச்சு. அந்த துளைய ரீம் பண்ணி ஓவர்சைஸ் வால்வ் போட்டாங்க, சோனாக்ஸ்ங்குற கம்பெனி பார்ட். போடுறதுக்கு முன்னாடி மத்த துளைகளையும் வேக்கம் டெஸ்ட் பண்ணி எது கசியுது எது பரவால்லன்னு பாத்தாங்க. நிறைய இடத்துல வால்வ் பாடிய கழுவி கேஸ்கட் மாத்தி திரும்ப மாட்டிடுவாங்க, அதோட ரீபில்ட்டுன்னு பில் வந்துடும்.

மத்தது வேகமா சொல்லிடுறேன். 3-4க்கு நல்ல கிளட்ச் பேக், 2-4 பேண்ட் (2லயும் 4லயும் டிரம்ம இறுக்கிப் பிடிக்குற பட்டை) புதுசு, செகண்ட் கியருக்கு கார்வெட் சர்வோ (பேண்ட இறுக்குற பிஸ்டன், இதுல பரப்பு பெருசு, அதே பிரஷர்ல பேண்ட இன்னும் இறுக்கிப் பிடிக்கும்), பம்புக்கு 13 வேன் ரோட்டரும் கெட்டியான ரிங்கும், எல்லா சீல் புஷ்ஷிங் சோலனாய்டு. இதோட பலமான வடிவமான 4எல்65-இல வர்ற 5 பினியன் பிளானட்டரி (கியர் செட்) வேணுமான்னு கேட்டாங்க, என் பழைய பிளானட்டரி நல்லா இருந்துச்சு இஞ்சினும் ஸ்டாக், வேண்டாம்னுட்டேன். மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் காத்து அடிச்சு பிஸ்டன் நகருதா கசியுதான்னு செக் பண்றத நேர்ல பாத்தேன், டப் டப்னு சுத்தமா சத்தம் வந்துச்சு. கேக்க திருப்தியா இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பீங்க.

இப்போ கூலர். இதப் பத்திதான் நிறைய பேசணும். டிரெய்லர் இழுக்குற வண்டில ட்ரான்ஸ்மிஷன கொல்றது பெரும்பாலும் சூடுதான், அந்த சூட்டுல பெரும்பங்கு கன்வர்ட்டர்ல உண்டாகுறது, லாக்கப் விட்ட நிலைல ஏத்தம் ஏறும்போது உள்ள ஆயில் கடைஞ்சு கடைஞ்சு கொதிக்கும். மெக்கானிக்குங்க மத்தியில ஒரு தோராய கணக்கு உண்டு, ஒவ்வொரு 11 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஆயிலோட ஆயுசு பாதியாகும்னு. 80லேர்ந்து 95 வரைக்கும் நல்ல ரேஞ்ச், 115 தாண்டினா வார்னிஷ் படிய ஆரம்பிக்கும், 125 தாண்டினா சீல் விறைக்கும், 145 கிட்ட போனா கிளட்ச்சே வழுக்கும். என் வண்டில இருந்தது ரேடியேட்டருக்குள்ள இருக்குற கூலர் மட்டும்தான். இப்போ அதுக்கப்புறம் ஒரு பெரிய ஸ்டாக்டு பிளேட் கூலர முன்னாடி வச்சிருக்கு, அதாவது சூடான ஆயில் முதல்ல ரேடியேட்டர், அப்புறம் இந்த கூலர், அப்புறம் திரும்ப ட்ரான்ஸ்மிஷன். ட்யூப் டைப் கூலர் விலை கம்மின்னு வாங்காதீங்க, அதே சைஸ்ல பிளேட் டைப் ரொம்ப அதிகமா சூட்ட இறக்கும். ரேடியேட்டர சுத்தமா தவிர்த்துட்டு வெளிக் கூலர் மட்டும் போடுறவங்களும் இருக்காங்க, ஆனா ரொம்ப குளிர்ல ஆயில் சூடாகவும் அந்த ரேடியேட்டர் உதவுதே, எனக்கு ரெண்டும் இருக்கட்டும்.

இன்னொண்ணு, கிளட்ச் உதிர்ந்த ட்ரான்ஸ்மிஷன்ல அந்தத் தூள் பூரா கூலர் லைனுக்குள்ள போய் உக்காந்திருக்கும். லைன ஃப்ளஷ் பண்ணாம, பழைய கன்வர்ட்டரயே திரும்ப மாட்டினா அந்தக் குப்பை நேரா புது வால்வ் பாடிக்கு வந்து சேரும். இவங்க கன்வர்ட்டர் புதுசு போட்டாங்க, லைன ஃப்ளஷ் பண்ணாங்க, ரிட்டர்ன் லைன்ல ஒரு ஃபில்டரும் போட்டாங்க. ஃபுல் மார்க்.

கேஜ் போட்டதுக்கு அப்புறம்தான் எவ்வளவு இருட்டுல எல்லாரும் ஓட்டிட்டு இருக்கோம்னு தெரியுது. சும்மா ஓட்டினா 75, 80க்குள்ள நிக்குது, டிரெய்லரோட ஹைவேல 85, 90, நீளமான ஏத்தத்துல லாக்கப் விட்டா நூறு வரைக்கும் போகுது, லாக்கப் பிடிச்ச உடனே கண்ணு முன்னாடியே முள் இறங்குது. அதனால இப்போ ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே டோ ஹால் பட்டன (லோடு இழுக்கும்போது போடுற மோட்) அமுக்கி 3ல போட்டுடுறேன், 4ல விட்டா அது 3க்கும் 4க்கும் நடுவுல மாறி மாறி லாக்கப்ப விட்டு விட்டுப் பிடிக்கும், சூட்டுக்கு அத விட வேற வினையே வேண்டாம்.

ஷிஃப்ட் கிட் டிரான்ஸ்கோ கம்பெனியோட எச்டி2. கியர் மாறுற நேரத்த குறைச்சு கிளட்ச் வழுக்குற அந்த நொடிய சின்னதாக்குறதுதான் இதோட வேலை. லோடோட ஓட்டும்போது அருமை, டக்குனு பிடிக்குது, இழுவைல ஒரு தயக்கமே இல்ல. வெறும் வண்டியா மெதுவா நகரும்போது 1-2 ஷிஃப்ட் முதுகுல ஒரு தட்டு தட்டும். எனக்கு அது ஓகே, வீட்டுல "வண்டி சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க, இன்னும் உதைக்குதே?"ன்னு கேக்குறாங்க. ஒரு நாள் விளக்கி சொல்லிப் பாத்தேன், இப்போ விட்டுட்டேன். கிட்ல ஸ்பிரிங்கும் துளை சைசும் மாத்தி மிதமாவும் வைக்கலாம் கடுசாவும் வைக்கலாம், கடைல எப்படி வேணும்னு முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க. இவங்க என்ன கேக்கவே இல்ல, இழுக்குற வண்டின்னு சொன்னதும் அவங்களே கொஞ்சம் கடுசா வச்சுட்டாங்க, முதல் அரை மார்க் இங்க கட்.

மீதி அரை மார்க் கூலர் லைன் ஃபிட்டிங்ல. டெலிவரி எடுத்த பிறகு கீழ சின்ன ஈரம், ஃபிட்டிங் சரியா உக்காரல, திரும்ப கொண்டுபோனதும் முகம் சுளிக்காம உடனே மாத்திக் கொடுத்தாங்க, காசு கேக்கல. போன் பண்ணா எடுக்குறதுதான் அபூர்வம். நேர்ல போனா ராஜ உபசாரம், போன்ல ஆளே கிடையாது. கம்ப்யூட்டர்ல பழைய அடாப்டிவ் வேல்யூ எல்லாம் ரீசெட் பண்ணியிருந்தாங்க, அது முக்கியம், இல்லன்னா வழுக்குற பழைய கிளட்ச்சுக்காக அது கத்து வச்சிருந்த பிரஷர் கணக்கயே புதுசுக்கும் போடும்.

ஹை ஸ்டால் கன்வர்ட்டர் ஏன் வேண்டாம்னு கேக்குறவங்களுக்கு: ஸ்டால் ஸ்பீட் (வண்டிய நகர விடாம ஆக்ஸிலேட்டர அமுக்கினா இஞ்சின் எட்டுற ரெவ்) கூடினா லாக்கப் பிடிக்குற வரைக்கும் அதிகமா வழுக்கும், ரேஸ் ஸ்டார்ட்டுக்கு அது தேவை, டிரெய்லருக்கு அது கூடுதல் சூடு, அவ்வளவுதான். ஸ்டாக் ஸ்டால்ல, லாக்கப் கிளட்ச் தரமா இருக்குற கன்வர்ட்டர் போதும். மாட்டும்போது அது பம்புக்குள்ள முழுசா உக்காந்துச்சான்னு பாக்கணும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதுக்கும் நடுவுல சுமாரா 3லேர்ந்து 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும், இடைவெளியே இல்லாம போல்ட்ட இறுக்கி இழுத்தா முதல் ஸ்டார்ட்லயே பம்ப் காலி.

4எல்80-இக்கு மாறியிருக்கலாமேன்னும் சிலர் கேட்டாங்க. 1991ல வந்தது, ஜிஎம்மோட பழைய டர்போ 400 ட்ரான்ஸ்மிஷன் வம்சம், கியர் ரேஷியோ 2.48, 1.48, 1.00, 0.75, இரும்பு மாதிரி தாங்கும், மறுக்கல. ஆனா கனம் அதிகம், நீளம் வேற, டிரைவ்ஷாஃப்ட் அளவு மாத்தணும், கிராஸ்மெம்பர் நகத்தணும், கம்ப்யூட்டர் வேலையும் வயரிங்கும் இருக்கு, முதல் கியர் 3.06லேர்ந்து 2.48 ஆகுறதால பின் ஆக்ஸில் ரேஷியோ பத்தியும் யோசிக்கணும். பவர் ஏத்தின இஞ்சினோ, தினம் முழு லோடோ இருந்தா அதுக்கே போங்க. என் மாதிரி அப்பப்போ நடுத்தர டிரெய்லர் இழுக்குற ஸ்டாக் 5.3க்கு நல்லா கட்டின 4எல்60-இ போதும்னு ஓட்டின வரைக்கும் தோணுது.

ஆயில் டெக்ஸ்ரான் 6. பான் கழட்டி மாத்தினா 4.7 லிட்டர் கிட்டத்தான் இறங்கும், மொத்தம் 10.6 லிட்டர் கிட்ட பிடிக்கும், அதாவது பாதிக்கு மேல பழசு கன்வர்ட்டர்லயும் லைன்லயும் தங்கிடும்ங்குறத மனசுல வச்சுக்கங்க. லெவல் பாக்குறது சூடான பிறகு, இஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது, பார்க்ல. புதுசா கட்டினதுக்கு முதல் ஆயில் சர்வீஸ் சீக்கிரமே பண்ணச் சொன்னாங்க, பான்ல காந்தம் இருக்கு, சாம்பல் மாதிரி மெல்லிசா ஒட்டியிருந்தா சகஜம், மினுமினுன்னு துண்டு துண்டா இருந்தா உடனே வண்டிய கொண்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. எனக்கு முதல் சர்வீஸ்ல சாம்பல் மட்டும்தான் இருந்துச்சு, ஆயில் இன்னும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. வாரன்டி பேப்பர்ல ஆயில் மாத்தின ரசீது கேக்குறாங்க, எல்லாத்தையும் கிளவ் பாக்ஸ்லயே போட்டு வச்சிருக்கேன்.