1939 வெள்ளி ரூபாய் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ரூபாயை "அவசரத் தேவை, குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று யாராவது உங்களிடம் வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள். என்னிடம் 62,000 ரூபாயைப் பறித்த ஆள் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1940இல் ரூபாயில் வெள்ளியின் அளவு 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய தரத்தின் கடைசி வருடம் 1939. அந்த நாணயம் கிடைப்பது மிக அபூர்வம், ஏலத்தில் லட்சங்களில் போகும். 1938 ரூபாயோ சுலபமாகக் கிடைக்கும். இரண்டுக்கும் எடை 11.66 கிராம், அதே வெள்ளி, அதே அச்சு, கடைசி எண் மட்டும்தான் வேறு. ஏமாற்றுகிறவர்களுக்கு அது போதும்.

எனக்கு வந்தது அமெரிக்கத் தரச்சான்று நிறுவனம் ஒன்றின் பெயர் போட்ட பிளாஸ்டிக் ஸ்லாபில் (நாணயத்தை உள்ளே வைத்து மூடிய பெட்டி), எம்எஸ் 62 என்ற கிரேடோடு (புழக்கத்துக்குப் போகாத நாணயத்துக்குத் தரும் தரம்). "அப்பா சேர்த்து வைத்தது சார், ஆஸ்பத்திரிச் செலவுக்காகத்தான் கொடுக்கிறேன்" என்றார். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். 1939 ரூபாய், அதே கிரேடு, எல்லாம் சரி. அவர் அனுப்பிய படமும் அங்கிருந்த படமும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றாக இருக்காமல் எப்படி? அங்கிருந்து எடுத்துத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்!

கூரியரில் வந்தது வேறு நாணயம். படத்தில் கிரீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை இருந்தது, கையில் இருந்ததில் கறையே இல்லை. எங்கள் ஊர் சேகரிப்பாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே மூத்தவர் ஒருவர் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பை (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து வருட எண்ணை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் கொடுத்து, "ஒன்பதோட கீழ் வயித்தைப் பாருங்க தம்பி" என்றார். 1938இன் எட்டை ஒன்பதாக்க, அதன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டி எடுத்திருந்த தடம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் உலோகம் மங்கலாக, நுண்ணிய கீறல்களோடு இருந்தது. மற்ற மூன்று எண்களைச் சுற்றி அப்படி எதுவும் இல்லை. ஸ்லாபின் ஓரமும் பிசிறாக ஒட்டியிருந்தது. உண்மையான சான்று எண்ணைக் காப்பியடித்த போலிப் பெட்டி.

இந்த வகைக்கு எடை, காந்தச் சோதனை எதுவும் உதவாது. உள்ளே இருப்பது அசல் வெள்ளி 1938 ரூபாய்தானே. வருட எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் நேரில், லூப்போடு. நேரில் முடியாவிட்டால், உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ கேளுங்கள். பணத்தை மொத்தமாக முன்கூட்டியே அனுப்பாதீர்கள்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "கிரேடிங் ஆன காயினுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்" என்று சொல்லிவிட்டு என் போன் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை.

போன வாரம் நண்பர் ஒருவருக்கு வேறு பெயரிலிருந்து அதே கறை படிந்த நாணயத்தின் படம் வந்திருக்கிறது. அதே அப்பா, அதே ஆஸ்பத்திரி. உங்களுக்கும் வந்திருந்தால் உரையாடலை அழிக்காமல் என்னிடம் சொல்லுங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.