61 கட்டையா, 88 கட்டையா?

பதின்ம வயதுப் பிள்ளைக்குக் கோலாலம்பூரில் குறைந்த செலவில் கீபோர்ட் தேடும் பெற்றோர் கடைசியில் யமாஹாவின் இந்த இரண்டில் தயங்கி நிற்பார்கள்: பிஎஸ்ஆர்-இ373, பி-45.

முதலாவதில் 61 கட்டைகள் (விரலால் அழுத்தும் விசைகள்). விலை குறைவு, எடை 4.6 கிலோ, பேட்டரியிலும் ஓடும். 622 வாத்திய ஒலிகள், தாளத் துணையும் உண்டு. சினிமாப் பாட்டு வாசிக்க, பள்ளி நிகழ்ச்சிக்குத் தூக்கிப்போக இதுவே வசதி. அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். ஆனால் கட்டைகள் லேசானவை.

பி-45-இல் பத்தே ஒலிகள். எடை 11.5 கிலோ. அதன் பலம் கட்டைகளில்தான்: 88-உம் கனமானவை, அதிலும் இடப்பக்கம் கூடுதல் கனம், நிஜப் பியானோவைப் போல. லேசான கட்டையில் பழகிய விரல், ஆசிரியர் வீட்டுப் பியானோவில் உட்கார்ந்ததும் திணறும். மெல்ல வாசிக்க வேண்டிய இடத்தில் ஒலியே எழாது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசை வாரியத்தின் பியானோ தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. தொடக்க நிலைப் பாடங்கள் பெரும்பாலும் 61 கட்டைக்குள் அடங்கும், சரி. மேலே போகப்போக இடம் போதாது.

அதனால் பியானோதான் இலக்கு என்றால் என் ஓட்டு பி-45-க்கே, பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை. வாங்குமுன் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் ஓங்கியும் அழுத்திப் பாருங்கள். பெடல், அடாப்டர் கூட வருகின்றனவா என்றும் கேளுங்கள். அப்புறம் ஒரு ஹெட்போன். அடுக்குமாடி வீட்டில் இரவுப் பயிற்சிக்கு அது கட்டாயம் வேண்டும்.